எண்பத்திரண்டரை சதவீதக் கட்டில்

இன்டீரியர் டிசைன் துறையின் தலைவருக்கு மூச்சு சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் யாரும் பயன்படுத்துவதில்லை. எந்த அறையைப் பார்த்தாலும் அவர் இரண்டே வாக்கியங்களில் ஒன்றைத்தான் சொல்வார். "இந்த அறை மூச்சு விடுது." இல்லாவிட்டால், "இந்த அறை மூச்சு விடல." நாலு வருடப் படிப்பும் இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடக்கம். முதலாவது வந்தால் பாஸ். இரண்டாவது வந்தால் மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்து அழலாம். அதற்கென்றே அங்கே ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அறை எதன் வழியாக மூச்சு விடுகிறது, நிமிடத்துக்கு எத்தனை தடவை விடுகிறது என்று கேட்கும் துணிச்சல் அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. அந்த ஆளை அவர் ஏற்கெனவே இரண்டு தடவை ஃபெயில் ஆக்கியிருந்தார்.

அந்த ஆளுக்கு வயது அறுபத்திரண்டு. முப்பத்திநாலு வருடம் ஆஸ்பத்திரியில் இருந்து, ஹெட் நர்ஸாக ரிட்டயர் ஆகி, மறு மாதமே பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று விண்ணப்பம் வாங்கியவர். துறையில் மாணவர்கள், வாத்தியார்கள், கேன்டீன்காரர் எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். மூச்சு சாரும் முதல் வருடம் 'அம்மா' என்று கூப்பிட்டுப் பார்த்தார். "நான் உங்கள பெத்திருந்தா இப்படி வளர்த்திருக்க மாட்டேன் சார்" என்று சிஸ்டர் ரொம்ப மரியாதையாகச் சொன்னதும் அவரும் சிஸ்டருக்கு மாறிவிட்டார்.

பொழுது போகாமல் படிக்க வந்தவர் இல்லை சிஸ்டர். ரிட்டயர் ஆவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் புது வார்டு ஒன்று கட்டினார்கள். அதில் கழிவறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். ஒரு நோயாளி உள்ளே மயங்கிக் கதவின் மேலேயே சாய்ந்துவிட்டார். தள்ளினால் அவர் எலும்பு உடையும். தள்ளாவிட்டால் உயிர் போகும். தச்சரை வரவழைத்து, கதவைச் சட்டத்தோடு பெயர்த்து, ஆளை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. பிழைத்தது அவர் அதிர்ஷ்டம். சிஸ்டர் நேராக டிசைனரிடம் போனார். கண்ணாடியைக் கண்ணில் போடாமல் உச்சந்தலையில் போட்டிருந்த பையன் அவன். "நீங்க ஊசி போடுங்க சிஸ்டர். டிசைன படிச்சவங்க பாத்துக்குவாங்க" என்றான். அடுத்து வரப்போகிற பெரிய கட்டடத்துக்கு ஒரு குழு அமைத்தபோதும் இதே கதை. குழுவில் உட்கார இன்டீரியர் டிசைன் பட்டம் வேண்டும், அனுபவம் செல்லாது என்று கடிதம் வந்தது. சரி, அந்தக் காகிதம்தானே வேண்டும், நாலு வருடத்தில் வாங்கிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

மூன்று வருடம் வழுக்கிக்கொண்டு போனது. பஞ்சு, நாடா, துணி வகைகள் எல்லாம் கை பழகிய சமாச்சாரம். வெளிச்சம் பற்றிய பாடத்தில் வகுப்பிலேயே முதல். விழுந்தது கடைசி ஸ்டுடியோவில், அதாவது அறை ஒன்றை வரைந்து காட்டுகிற பரீட்சையில். அதை மூன்று தடவைதான் எழுதலாம். மூன்றாவதும் போனால் பட்டம் கிடையாது, குழுவும் கிடையாது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த ஸ்டுடியோவில் எல்லாருக்கும் ஒரே கணக்கு. முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் தங்கும் அறை. நீளம் மூன்று மீட்டர் அறுபது, அகலம் மூன்று மீட்டர். இரண்டு கட்டில், ஒரு அலமாரி, ஒரு கதவு. மற்றதெல்லாம் மாணவர் இஷ்டம். சிஸ்டருக்கு இது தண்ணீர் குடிப்பது மாதிரி. இரண்டு கட்டிலைப் போட்டார். நடுவே சக்கர நாற்காலி திரும்பி வர இடம் விட்டார். கால்மாட்டில் ஆள் நடக்க வழி விட்டார். அலமாரியை மூலையில் ஒதுக்கினார். கதவை அகலமாக வைத்து வெளிப்பக்கம் திறக்க விட்டார். அவ்வளவுதான் அறை, மிச்சம் என்று பெருக்குவதற்குத்தான் கொஞ்சம் தரை இருந்தது.

மூச்சு சார் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மாரடைப்போ என்று சிஸ்டர் நாடி பிடிக்கப் போனார். அதெல்லாம் இல்லை, அறைதான் மூச்சு விடவில்லையாம்.

மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்தால் சிஸ்டருக்குத் தலை சுற்றியது. அதே மூன்று அறுபது, அதே மூன்று. ஆனால் அதில் இரண்டு கட்டில் போக, இரண்டு சாய்வு நாற்காலி, நடுவே காபி வைக்க வட்ட மேஜை, ஜன்னலோரம் படிக்கும் மூலை, ஆளுயரத்துக்கு ஒரு செடி. ஒரு பையன் சின்ன பியானோவே வைத்திருந்தான். எண்பது வயதுக் கிழவர்கள் இருவர் கைகோத்து அந்த அறையில் நாட்டியம் ஆடலாம், பார்வையாளர்களுக்கு நாற்காலியும் போடலாம் என்கிற மாதிரி தரை பரந்து கிடந்தது. மூச்சு சார் கண்ணை மூடி, இது மூச்சு விடுது என்று சொல்லிச் சொல்லி எண்பதும் தொண்ணூறுமாக அள்ளி வீசினார்.

இரண்டாவது தடவையும் இதே கூத்து. ஊசி பிடித்த காலத்திலிருந்து ஒரு நாளும் தன்மேல் சந்தேகப்படாத சிஸ்டருக்கு, அப்போதுதான் முதல் முறையாகத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. வீட்டு ஹாலில் சாக்பீஸால் அறையை வரைந்தார். கட்டிலுக்குப் பதில் கணவரைத் தரையில் படுக்க வைத்தார். அவர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். பொருளோடு பொருளாக இருந்து பழக்கம், சொன்ன இடத்தில் கிடப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் அவரை வடக்கே தலை, தெற்கே தலை, சுவரோரம், ஜன்னலோரம் என்று மாற்றி மாற்றிப் படுக்க வைத்தும் படிக்கும் மூலை பிறக்கவில்லை. சாயந்திரம் அவர் படுத்த வாக்கிலேயே கேட்டார், மற்ற பிள்ளைங்க அறையில மனுஷங்க படுப்பாங்களா, இல்ல மடிச்சு அலமாரியில வைப்பாங்களா என்று. சிஸ்டர் சிரிக்கவில்லை.

மூன்றாவது தடவைக்கு அடுத்த வருடப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார வேண்டியதாயிற்று. அந்த வகுப்பில் மூச்சு சாரின் செல்லப் பிள்ளை ஒரு பெண். கொண்டையில் எப்போதும் இரண்டு மூன்று பென்சிலைச் செருகியிருப்பாள். அதனால் அவளுக்குப் பென்சில் என்றே பெயர். நல்ல பிள்ளை, இரக்கமுள்ளவள். சிஸ்டர் பக்கத்து மேஜையில் ஸ்கேலை வைத்துக் கையால் வரைந்துகொண்டிருந்ததை ஒரு வாரம் எட்டிப் பார்த்துவிட்டு, பொறுக்காமல் கேட்டாள்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கட்டில் ஏன் இவ்ளோ பெருசா இருக்கு?"

"கட்டில் அவ்ளோ பெருசாதான்டி இருக்கும். நானா பெருசாக்கினேன்?"

பென்சில் தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். அதில் ஒரு ஃபைல். கட்டில், சோபா, கதவு, குளியல் தொட்டி, நாற்காலி எல்லாம் மேலிருந்து பார்த்த மாதிரி வரைந்து தயாராக வைத்த ஃபைல். யாரும் இப்போது கட்டிலை வரைவதில்லை. இதிலிருந்து எடுத்து அறைக்குள் வைத்துவிடுவார்கள். சீனியர் ஜூனியருக்குக் கொடுத்து, அவன் அவனுக்கு அடுத்தவனுக்குக் கொடுத்து, பன்னிரண்டு வருடமாகக் கை மாறி வருகிற குடும்பச் சொத்து. பென்சில் அதிலிருந்து இரண்டு கட்டிலை எடுத்து சிஸ்டரின் அறையில் போட்டாள். அறை திடீரென்று விரிந்தது. நடுவில் ஒரு மைதானமே முளைத்தது.

சிஸ்டர் திரையருகே குனிந்து பார்த்தார். பிறகு அந்தக் கட்டிலை அளக்கச் சொன்னார்.

நீளம் நூற்று அறுபத்தைந்து சென்டிமீட்டர். அகலம் எழுபத்துநாலு.

இரண்டு மீட்டர் நீளமும் தொண்ணூறு அகலமும் உள்ள கட்டிலை முப்பத்திநாலு வருடம் எத்தனை ஆயிரம் கதவு வழியாகத் தள்ளியிருப்பார், கை கனவிலும் அளவு சொல்லும். இது யாருக்கான கட்டில், நர்சரிப் பள்ளிக்கா என்று கேட்டார். எல்லாருக்கும்தான், சாருக்கு இதுதான் பிடிக்கும் என்றாள் பென்சில். சிஸ்டர் ஒவ்வொன்றாக அளக்க வைத்தார். கதவு எழுபத்துநாலு, அதில் ஸ்ட்ரெச்சர் போக வேண்டுமென்றால் நோயாளியைச் செங்குத்தாக நிறுத்தித்தான் போக முடியும். அலமாரியில் சட்டையை ஹேங்கரோடு மாட்டினால் கதவு மூடாது. தொட்டியில் குளிப்பவர் முதலில் மேல் பாதி, அப்புறம் கீழ்ப் பாதி என்று இரண்டு தவணையில் குளிக்க வேண்டும். அந்த ஃபைலில் அலங்காரத்துக்கு ஒரு நாய்கூட இருந்தது. அதுவும் சிறுத்துப் பூனையாகியிருந்தது. எல்லாம் ஒரே கணக்கு. நூற்றுக்கு எண்பத்திரண்டரை.

நடந்தது இதுதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எவனோ ஒரு மகானுபாவன், தேர்வாளர்கள் வந்து மதிப்பெண் போடுகிற ஜூரிக்கு முந்தின நாள் சாமான்கள் அறைக்குள் அடங்காமல், மொத்தத்தையும் சேர்த்துப் பிடித்து ஒரே அமுக்காக அமுக்கியிருக்கிறான். அறை மூச்சு விட்டுவிட்டது. அவனும் பாஸாகிவிட்டான். ஃபைலைப் பழைய அளவுக்குக் கொண்டுவர மறந்துபோனான். ஆள் யாரென்று தெரியாது; தெரிந்திருந்தால் துறை வாசலில் சிலை வைத்திருப்பார்கள், அதையும் எண்பத்திரண்டரை சதவீதத்தில். வாத்தியார்கள் கண்டுபிடிக்கவில்லையா என்றால், வாத்தியார்கள் கட்டிலையா பார்க்கிறார்கள், காலியாகக் கிடக்கிற தரையைத்தானே. படித்து வெளியே போன பன்னிரண்டு வகுப்புப் பிள்ளைகளும் ஊரெல்லாம் வீடு பண்ணிக்கொடுக்கிறார்களே, அங்கே எப்படி மாட்டாமல் போனது? தச்சர்கள் இருக்கிறார்கள். வரைபடத்தை வாங்கி, தலையை ஆட்டி, சுருட்டி மூலையில் வைத்துவிட்டு அவர்கள் பாட்டுக்கு இரண்டு மீட்டரில் அறுத்துவிடுவார்கள். படிக்கும் மூலை மட்டும் ஏன் வரவில்லை என்று வீட்டுக்காரர்கள் வாழ்நாளெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

சிஸ்டர் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். மறுபடியும் தரையில் படுக்கச் சொல்லப்போகிறாளோ என்று பயந்துகொண்டிருந்த மனுஷனுக்கு நிம்மதி. அவர் யோசித்துச் சொன்னது நல்ல யோசனைதான். அந்தக் குட்டிக் கட்டிலையே போட்டு பாஸ் பண்ணிவிட்டு வா, பட்டத்தில் கட்டில் அளவு அச்சடிக்க மாட்டார்கள், அப்புறம் ஆஸ்பத்திரியில் போய் நிஜக் கட்டில் போடு என்றார். ஸ்டோரில் அவரும் இப்படித்தான் எத்தனையோ கையெழுத்துப் போட்டாராம், வானம் இடிந்து விழவில்லையாம்.

மூன்று நாள் சிஸ்டர் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் பென்சிலிடம் ஃபைலை வாங்கி, குட்டிக் கட்டில் போட்டு, சாய்வு நாற்காலி போட்டு, படிக்கும் மூலையும் செடியும் வைத்துப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்தார். சாப்பாட்டு மேஜையில் விரித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க மூச்சு சார் கண்ணெதிரே வந்து நின்றார். கண்ணைப் பாதி மூடுகிறார். நெஞ்சில் கை வைக்கிறார். 'இப்பதான் உங்களுக்குப் புரிஞ்சிருக்கு சிஸ்டர்' என்கிறார். அவருடைய கைத்தடிகளான இரண்டு விரிவுரையாளர்களும் பின்னால் நின்று தலையைத் தலையை ஆட்டுகிறார்கள்.

சிஸ்டர் தாளை நாலாகக் கிழித்தார்.

"என்னம்மா ஆச்சு?" என்று கணவர் ஓடி வந்தார்.

"அந்த ஆள்கிட்ட ஃபெயில் ஆகிறதத் தாங்கிக்கலாங்க. அந்த ஆள் வாயால பாராட்டு வாங்கிட்டு எந்த மூஞ்சியோட நான் வீட்டுக்கு வர்றது?"

"ஃபெயில் ஆனா அஞ்சு வருஷமும் தண்ணியில போச்சு. தெரியுமில்ல?"

தெரியும் என்றார் சிஸ்டர். மறுநாள் பென்சிலிடமும் போய், உன் கட்டிலை மாத்திடும்மா என்று ஒரு வார்த்தை சொன்னார். எல்லாருமே இதைத்தான் போடுறாங்க, மாத்தினா அறை மூச்சு விடாது சிஸ்டர் என்று அந்தப் பிள்ளை கவலையாகச் சொன்னது. சிஸ்டர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

கடைசி ஜூரிக்கு அந்தத் துறையில் தரை நாள் என்று பெயர். மாணவர்கள் தங்கள் அறையைப் பெரிய ஹாலின் தரையில் நிஜ அளவில் வெள்ளை டேப் ஒட்டிக் காட்ட வேண்டும். கட்டில், அலமாரி, கதவு எல்லாம் டேப் கோடுதான். மூச்சு சார் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைப் பின்னால் கட்டி, கண்ணைப் பாதி மூடி, அந்தக் கோடுகளுக்கு நடுவே மெதுவாக நடப்பார். கோட்டை மிதிக்க மாட்டார். ஏதோ தண்ணீரில் நடக்கிற மாதிரி நடப்பார். இரண்டு விரிவுரையாளர்களும் அவர் நடக்கிற வேகத்திலேயே, அவர் காலை வைத்த இடத்திலேயே காலை வைத்து நடப்பார்கள். பன்னிரண்டு வருடமாக அந்தத் தரையில் அத்தனை கட்டில் வரைந்தும், ஒன்றிலாவது ஒரு மனுஷன் படுத்துப் பார்த்தானா என்றால் இல்லை. படுப்பது கலை இல்லையே.

அந்த வருடம் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு அம்மாள். இருபது வருடமாக லாட்ஜுகளுக்கும் விடுதிகளுக்கும் ஃபர்னிச்சர் செய்து கொடுக்கிறவர். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பெப்பர்மின்ட்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு, மூச்சு சார் சொன்ன மதிப்பெண்ணை எல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். மதிப்பெண் போடுவது துறைத் தலைவர்தான். ஆனால் ஃபெயில் என்றால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

சிஸ்டருக்கு முந்தின அறை பென்சிலுடையது. அவள் நிஜமாகவே ஒரு பூந்தொட்டியைக் கொண்டுவந்து கட்டில் கால்மாட்டில், கோட்டை ஒட்டி வைத்திருந்தாள். மூச்சு சார் அறைக்குள் போய் நின்று நீளமாக மூச்சை இழுத்தார். அறைக்கு என்ன தோன்றியதோ தெரியாது, அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எண்பத்தெட்டு.

பக்கத்துக் கோடு சிஸ்டருடையது. மூச்சு சார் உள்ளே போகவில்லை. விளிம்பிலேயே நின்றார்.

"பாருங்க," என்று கைத்தடிகள் பக்கம் திரும்பினார். "அதே நீளம், அதே அகலம். அங்க மூச்சு. இங்க மூச்சுத் திணறல். மூணாவது தடவை. இந்த வயசுல இப்படின்னு எனக்கே சங்கடமா இருக்கு சிஸ்டர். வெளி பத்தின உணர்வு பிறவியிலேயே வரணும். அதைச் சொல்லிக் குடுக்க முடியாது."

சொல்லிக் கொடுக்க முடியாத ஒன்றுக்கு ஐந்து வருடமாகச் சம்பளம் எதற்கு என்று சிஸ்டர் கேட்டிருப்பார். கேட்கவில்லை. மூச்சு சார் பேனாவைத் திறந்து தாளில் வைக்கப் போகிறார் என்பதைப் பார்த்தார்.

இங்கே சிஸ்டரின் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இரண்டு குரல். ஒன்று கேன்டீனில் டீ கேட்கிற குரல். இன்னொன்று வார்டுக் குரல். அதில் சத்தம் கிடையாது, கோபம் கிடையாது, எதிர்ப்பேச்சு வரும் என்கிற எண்ணமே கிடையாது. போலீஸ் அதிகாரிகள், பயில்வான்கள், நீதிபதிகள், ஒரு சர்க்கஸ் முதலாளி என்று அந்தக் குரல் கேட்டுக் குப்புறப் படுத்து ஊசிக்கு இடம் காட்டாத பெரிய மனுஷன் அந்த ஊரில் இல்லை. ஒரு மந்திரி, ஆஸ்பத்திரியைத் திறந்துவைக்க வந்தவர், ஒரு நோயும் இல்லாமலே படுத்துவிட்டார் என்பார்கள். ஐந்து வருடமாக சிஸ்டர் அதைத் துறைக்குள் எடுக்கவே இல்லை. இப்போது எடுத்தார்.

"சார், அந்தக் கட்டில்ல மல்லாந்து படுங்க."

பென்சிலின் அறையைத்தான் காட்டினார். மூச்சு சார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாய் திறந்திருக்கும்போதே முழங்கால் மடங்கிவிட்டது. பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ஒரு துறையின் தலைவர், நாற்பது மாணவர்கள் பார்க்க, வெள்ளைக் கோட்டுக்குள் மல்லாந்து படுத்தார்.

"தலைய மேல கோட்டுக்குக் கொண்டு போங்க. இன்னும் கொஞ்சம். கால நீட்டுங்க. நல்லா நீட்டுங்க. மூச்ச இழுத்து விடுங்க."

அவர் ஆறடி இரண்டங்குலம். தலை மேல் கோட்டைத் தொட்டது. கால் கீழ்க் கோட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே போய்ப் பூந்தொட்டியில் முட்டியது. தொட்டி ஆடி, யோசித்து, சாய்ந்து உருண்டது. மண் அவர் பாதத்தில் கொட்டியது. இரண்டு கையையும் பக்கத்தில் வைக்க இடமில்லாமல் நெஞ்சின் மேல் கோத்துக்கொண்டார். அந்தக் கோலத்தில் பார்த்தவர்களுக்கு மாலை போடத் தோன்றியிருக்கும்.

பென்சிலின் காது சிவந்துபோனது. ஒரு கைத்தடி மெதுவாகக் குனிந்து, காலைக் கொஞ்சம் மடக்கிக்கோங்க சார் என்று காதோடு சொல்லிப் பார்த்தார்.

படுத்தபடியே மூச்சு சார் பேசினார். சும்மா சொல்லக்கூடாது, வேறு ஆளாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பான். அவர் தத்துவம் சொன்னார். இந்தக் கட்டில் மனுஷனை நீட்டி நிமிர்ந்து படுக்க விடுவதில்லையாம். சுருளச் சொல்கிறதாம். தாயின் வயிற்றில் இருந்த மாதிரி முழங்காலை மார்போடு சேர்த்துப் படுக்கும்படி அழைக்கிறதாம். முதுமை என்பது அந்த இடத்துக்குத் திரும்புவதுதானாம். கைத்தடிகள் இருவரும் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்கள்.

"இடுப்பு எலும்பு முறிஞ்சு கம்பி வச்சவங்க முழங்கால மார்பு வரைக்கும் மடக்கக் கூடாது சார்," என்றார் சிஸ்டர். "எந்திரிங்க. இங்க வந்து படுங்க."

எழுந்தார், வந்தார், சிஸ்டரின் கட்டிலில் படுத்தார். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நாலு விரல் இடம் மிச்சம். கை இரண்டும் இறங்கித் தானாகப் பக்கத்தில் விழுந்தது. காலையிலிருந்து நின்றுகொண்டே தண்ணீரில் நடந்த மனுஷன். ஒரு பெருமூச்சு விட்டார். கண்ணை மூடினார். இந்தத் தடவை பாதி இல்லை, முழுசாக. எழுந்திருக்க வேண்டிய நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் கிடந்தார் என்பதற்கு நாற்பது சாட்சி உண்டு.

"சார், நேரமாகுது," என்றார் ஃபர்னிச்சர் அம்மாள். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. மூச்சு சார் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். தட்டத் தட்டக் கோபம் ஏறியது. மண் ஒட்டிய காலோடு மேஜைக்குப் போய், மதிப்பெண் தாளில் முப்பத்தெட்டு என்று எழுதினார். இருந்த இடத்திலிருந்தே சிஸ்டருக்கு அது தெரிந்தது. டாக்டர்கள் கையெழுத்தையே தலைகீழாகப் படித்துப் பழகியவர். ஐம்பது வேண்டும் பாஸாக. முடிந்தது கதை என்று நினைத்தார்.

ஃபர்னிச்சர் அம்மாள் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீலத் தாளை எடுத்து மூச்சு சார் பக்கம் தள்ளினார். மூன்றாவது தடவை ஃபெயில் ஆக்கினால் பல்கலைக்கழகத்துக்குக் காரணம் எழுதி அனுப்ப வேண்டும், அதற்கான தாள்.

"காரணத்த எழுதுங்க. நீங்க எழுதினதும் நான் கையெழுத்துப் போடுறேன்."

மூச்சு சார் யோசிக்கவே இல்லை. அறை மூச்சு விடவில்லை என்று எழுதினார். அம்மாள் அதைப் படித்தார். பெப்பர்மின்ட்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"எப்படி அளந்தீங்கன்னு கேப்பாங்க."

மூச்சு சார் அதை அடித்துவிட்டு, இட நெருக்கடி என்று எழுதினார். எதனால நெருக்கடி என்று அம்மாள் கேட்டார். கட்டில் பெரியது என்றார். எவ்வளவு பெருசு, அதையும் எழுதிடுங்க என்றார் அம்மாள். மூச்சு சார் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். இரண்டு மீட்டர் நீளக் கட்டில் போட்ட குற்றத்துக்காக ஒரு மாணவியைப் பட்டமில்லாமல் அனுப்புகிறேன் என்று தன் கைப்பட எழுதி, கீழே கையெழுத்தும் முத்திரையும் வைக்க வேண்டும். கைத்தடிகளைப் பார்த்தார். அவர்களில் ஒருவர் கூரையைப் பார்த்தார், இன்னொருவர் தன் நோட்டில் கருவறை என்று எழுதியிருந்ததைப் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தார்.

"நான் பண்றது எல்லாமே ரெண்டு மீட்டர்தான் சார்," என்றார் அம்மாள் சாதாரணமாக. "யாரும் இதுவரைக்கும் திருப்பி அனுப்பல."

கடைசியில் மூச்சு சார் முப்பத்தெட்டை அடித்தார். மேலே ஐம்பது என்று எழுதினார். ஐம்பத்தொன்று போட அவருக்குக் கை வரவில்லை. பென்சிலின் எண்பத்தெட்டை அவர் தொடவே இல்லை. யாரும் படுக்க முடியாத அறைக்கு எண்பத்தெட்டு, படுத்து அவரே கண்ணயர்ந்த அறைக்கு ஐம்பது. அம்மாள் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். நீலத் தாளைக் கசக்காமல், பத்திரமாகத் திருப்பி இழுப்பறையில் வைத்தார்.

மாடிப்படிக்குக் கீழே இருந்த பெஞ்சில் பென்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எண்பத்தெட்டு வாங்கிவிட்டு அந்தப் பெஞ்சில் அழுத முதல் ஆள் அவள்தான். சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையைக் கொடுத்தார். எல்லார் முன்னாடியும் என் கட்டில்ல படுக்க வச்சிட்டீங்களே சிஸ்டர் என்றாள். ஆமா, உன்னையே படுக்க வைக்கலாம்னா நீ ஆறடி ஆள் இல்லையேம்மா, அதான் என்றார் சிஸ்டர். அதற்கு மேல் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் பட்டச் சான்றிதழ் வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. சிஸ்டர் அலுவலகத்துக்குப் போனார். குமாஸ்தா பதிவேட்டைத் திறந்து, ஒரு தாளையும் முன்னால் வைத்தார். துறையிலிருந்து புதுச் சுற்றறிக்கையாம். பட்டம் வாங்குகிறவர்களும் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சான்றிதழ் தர வேண்டும் என்று உத்தரவாம். சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

'தரை நாளன்று, தரையில் வரையப்பட்ட கட்டில், நாற்காலி, குளியல் தொட்டி முதலியவற்றில் எவரும் படுக்கவோ, சாயவோ, அமரவோ கூடாது. மீறுபவர்களின் மதிப்பெண் குறைக்கப்படும். இந்த விதி துறைத் தலைவருக்கும் பொருந்தும்.'

இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை வாய்விட்டுப் படித்தார். குமாஸ்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படிக்கிற பிள்ளைங்க எதுக்கும்மா தரையில படுக்குது என்று கேட்டார். சிஸ்டர் அதற்குப் பதில் சொல்லாமல், அந்தக் கட்டில் ஃபைலை மாத்திட்டாங்களா என்று கேட்டார்.

"எந்த ஃபைல்?" என்றார் குமாஸ்தா.

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு லேசில் நிற்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குமாஸ்தாவிடமே பேனாவை வாங்கி, சுற்றறிக்கையின் கீழே பெரிசாகக் கையெழுத்துப் போட்டார். சான்றிதழை வாங்கிச் சுருட்டாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.